மிளகுக் கொடிக்கு ஒரு மூடி: கொல்லிமலை வாசல்களில் குட்டிப் பசுமைக்குடில்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்தால் சமவெளி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஏறும்போது நெற்றியில் வியர்வை இருக்கும். பாதி வளைவுகள் கடந்ததும் ஜன்னலை மூடச் சொல்லி பேருந்துக்குள் யாராவது குரல் கொடுப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ள மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊர்களையெல்லாம் நாடு நாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை, வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில், அதற்குக் கீழே ஆகாயகங்கை அருவி என்று வெளியூர்க்காரர்களுக்கு இந்த மலையில் பார்க்க நிறைய உண்டு. விவசாயிகளின் கண்ணுக்கு முதலில் படுவது சில்வர் ஓக் மரங்கள்தான். அடி முதல் உச்சி வரை மிளகுக்கொடி சுற்றிய மரங்கள். அவற்றின் நிழலில் காபி, நடுநடுவே வாழை, பலா. சரிவான இடங்களில் அன்னாசி. சோளக்காட்டுச் சந்தையில் கொட்டிக் கிடப்பதும் இவைதான்.

மாசி மாதம் போனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மிளகு காயும். பச்சை மிளகைச் சரத்திலிருந்து உதிர்த்து, பாயிலோ தார்ப்பாயிலோ பரப்பி, கறுத்துச் சுருங்கும் வரை வெயிலில் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். பாய்க்குப் பக்கத்தில், வீட்டின் நிழல் விழும் மூலையில், இன்னொரு வேலையும் நடக்கிறது. அடி வெட்டிய தண்ணீர் கேன், தக்காளி கிரேட், பழைய தெர்மாகோல் பெட்டி, அவற்றின் மேல் வெள்ளைப் பாலித்தீன் தாள். பார்த்தால் ஒதுக்கி வைத்த பழைய சாமான் போலத்தான் இருக்கும். தாளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வரிசையாகப் பால் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிளகுக் கொடித்துண்டு. ஆனி மாதம் தோட்டத்துக்குப் போக வேண்டிய கன்றுகள் இவை.

வெட்டுவது வறட்சியில், நடுவது மழையில்

மிளகுக் கன்று உற்பத்தியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தில் கன்று நட ஏற்ற நேரம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வைகாசி இறுதி, ஆனி மாதங்கள். அப்போது நான்கைந்து இலையும் நல்ல வேரும் உள்ள கன்று கையில் இருக்க வேண்டும் என்றால், மாசி, பங்குனியிலேயே கொடியை வெட்டி நட்டாக வேண்டும். மலையில் அதுதான் வறண்ட காலம். பனி விலகிவிடும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்று இலையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். இரவில் குளிர் இறங்கும்.

வெட்டிய கொடித்துண்டுக்கு வேர் கிடையாது. ஆனால் இலையும் தண்டும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் உள்ளே போக வழியில்லை, வெளியே போக மட்டும் வழி இருக்கிறது. கணுவில் வேர் அரும்ப மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை கொடித்துண்டு தன்னிடம் இருக்கும் ஈரத்தை வைத்துத்தான் உயிர் பிழைக்க வேண்டும். திறந்த வெளியில் வைத்தால் மாசிக் காற்று ஒரே வாரத்தில் அதைக் காய வைத்துவிடும். காய்கிறதே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் அடித்தண்டு அழுகிவிடும். மிளகு நாற்று போட்டுப் பார்த்தவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டியிருப்பார்கள்.

இதற்கு விடை தண்ணீரை அதிகமாக்குவது இல்லை. கொடியைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைப்பது. மூடி செய்யும் வேலை அதுதான். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் ஈரம் பாலித்தீன் தாளில் பட்டு, முத்து முத்தாகத் திரண்டு, மறுபடியும் மண்ணுக்கே இறங்குகிறது. உள்ளே காற்று முழுக்க ஈரமாக இருப்பதால் இலையிலிருந்து ஈரம் வெளியேறுவது மிகவும் குறைந்துவிடுகிறது. இரவுக் குளிரும் நேராகத் தாக்காது. ஆனி மாதத்து மழைக்காற்றை மாசி மாதமே ஒரு பெட்டிக்குள் உண்டாக்கிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அறிவு பழையது. லண்டனில் நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர் 1829-ல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தார். புழுவைக் கவனிக்க வைத்த பாட்டிலில் பெரணியும் புல்லும் முளைத்து, தண்ணீர் ஊற்றாமலேயே வளர்ந்தன. அதைப் பார்த்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனத் தேயிலைக் கன்றுகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் மிளகின் ஒற்றைக் கணுத் துண்டுகளை வேர் பிடிக்க வைக்கும்போது 200 கேஜ் பாலித்தீன் தாளால் மூடி வைக்கச் சொல்கிறது. பெரிய நர்சரியில் அது நீளமான கூடாரம். வீட்டு வாசலில் அது ஒரு தண்ணீர் கேன். தத்துவம் ஒன்றே.

எந்தக் கொடியில் வெட்டுவது?

மூடி போடுவது சுலபமான பாதி. மூடிக்குள் எதை வைக்கிறோம் என்பதுதான் கடினமான பாதி. செம்மேட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கத்தியும் ஈரச்சாக்குமாக நிற்கும் மருமகளும் மாமியாரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இது விளங்கும்.

“அத்தை, இந்தக் கொடியில ஓடுகொடி நிறைய இருக்கு. இதுலயே வெட்டிக்கலாமா?”

“ஓடுகொடி நிறைய இருந்து என்ன கண்ணு பண்றது? போன வருசமும் இதுல சரம் பிடிக்கல. மேல பாரு, இலை மஞ்சளாத் தொங்குது. அந்தப் பலாமரத்துக் கொடிக்குப் போ.”

“அதுல நாலே நாலு ஓடுகொடிதான் அத்தை இருக்கு.”

“நாலு போதும். இதுல நாப்பது வெட்டி நட்டா நாப்பதும் இது மாதிரிதான் நிக்கும்.”

மாமியார் சொல்வது அறிவியல் கணக்கிலும் சரி. விதையில் முளைத்த கன்று தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கொடித்துண்டில் வளர்ந்த கன்று அச்சு அசல் தாய்க்கொடிதான். தாய் நன்றாகக் காய்த்தால் மகளும் காய்ப்பாள். தாய்க்கு நோய் இருந்தால் அதையும் கூடவே எடுத்து வருவாள். மிளகு நட்டு மூன்றாம் ஆண்டில்தான் முதல் காய்ப்பைப் பார்க்க முடியும். நல்ல மகசூலுக்கு ஏழெட்டு ஆண்டு ஆகும். தவறான கொடியை நட்டிருந்தால் அது தெரிய வரும்போது மூன்று வருட உழைப்பு போயிருக்கும். நெல்லைப் போல அடுத்த பட்டத்தில் சரிசெய்துகொள்ள முடியாது.

கன்றை வீட்டிலேயே தயாரிப்பதன் பெரிய லாபமும் இங்கேதான் இருக்கிறது. வேனில் வந்து இறங்கும் கன்று எந்தக் கொடியில் வெட்டியது, அந்தத் தோட்டத்தில் என்ன நோய் இருந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கரிமுண்டா என்று வாங்கியது கரிமுண்டாதானா, பன்னியூர்-1 என்று கொடுத்தது அதுதானா என்பதும் காய்த்த பிறகே தெரியும். சொந்தத் தோட்டத்துத் தாய்க்கொடியை வருடம் முழுக்கக் கண்ணால் பார்த்திருக்கிறோம். கன்றுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாவதைவிட இது பெரிய மிச்சம்.

தாய்க்கொடியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

* வருடா வருடம் தவறாமல், நீளமான சரங்களோடு காய்க்கும் கொடி. ஒரு வருடம் மட்டும் நிறையக் காய்த்த கொடியை நம்ப வேண்டாம். அறுவடையின்போதே நல்ல கொடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்துவிடுவது நல்லது.

* ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள கொடி.

* இலையில் நீர் தோய்ந்தது போன்ற கரும்புள்ளியோ, தரையை ஒட்டிய தண்டில் கறுப்பு அழுகலோ இருந்தால் அது துரித வாடல். மழைக்காலத்தில் சில வாரங்களில் முழுக்கொடியையும் சாய்த்துவிடும். அந்தக் கொடி மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கொடிகளும் வேண்டாம்.

* இலை சிறுத்து, சுருங்கி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்திருந்தால் அது நச்சுயிரியால் வரும் குட்டை நோய். இதற்கு மருந்து இல்லை. கொடித்துண்டு வழியாகவே பரவும்.

* இலைகள் மெல்ல மெல்ல மஞ்சளாகி உதிரும் கொடியின் வேரில் நூற்புழு இருக்கலாம். அதிலும் வெட்டக் கூடாது.

இன்னொன்று. மிளகின் அடிப்பகுதியிலிருந்து தரையில் படரும் ஓடுகொடிகளைத்தான் கன்றுக்கு எடுக்கிறோம். அவற்றைத் தரையில் ஓட விட்டால் கணுக்கள் மண்ணில் வேர் விடும்; மண்ணில் இருக்கும் பூஞ்சணமும் நூற்புழுவும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மழைக்காலத்திலேயே தாய்க்கொடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, ஓடுகொடிகளை அதில் வளையமாகச் சுற்றிவிட வேண்டும். மாசியில் வெட்டும்போது மண் படாத சுத்தமான கொடி கிடைக்கும்.

தக்காளி கிரேட்டில் ஒரு குடில்: செய்முறை

தேவையானவை: ஒரு தக்காளி கிரேட், அரை லிட்டர் பால் பாக்கெட்டுகள் 20, நான்கு அடி நீளமுள்ள மூங்கில் பிளாச்சு 3, இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவில் நிறமில்லாத பாலித்தீன் தாள், கட்டுக்கயிறு. மெத்தை, பீரோ சுற்றி வந்த பாலித்தீன் உறை இருந்தால் அதுவே போதும். ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது.

1. தை மாதமே மண் கலவையைத் தயார் செய்ய வேண்டும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம். கலவையை ஈரமாக்கி, அரையடி உயரத்துக்குள் பரப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை மண் போட்டு அடைத்து, நல்ல வெயிலில் ஒரு மாதம் விட வேண்டும். உள்ளே ஏறும் சூட்டில் நோய்ப் பூஞ்சணம், நூற்புழு, களை விதை பெருமளவு ஒழியும். ஆறிய பிறகு டிரைக்கோடெர்மா கலந்துகொள்ளலாம்.

2. பால் பாக்கெட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்கவும். பால் கொழுப்பு இருந்தால் எறும்பும் பூஞ்சணமும் வரும். அடிப்பாதியில் எட்டு, பத்துத் துளை போட்டு, முக்கால் அளவு கலவையை நிரப்பவும்.

3. கொடியைக் காலையில் வெட்டவும். நுனிப்பகுதி பிஞ்சாக இருக்கும்; எளிதில் அழுகும். அடிப்பகுதி முற்றியிருக்கும், வேர் பிடிக்கத் தாமதமாகும். நடுப்பகுதியே நல்லது. வெட்டியதை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்து அன்றே நட வேண்டும். ஒரு தாய்க்கொடியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கவும்.

4. இரண்டு அல்லது மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கவும். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். கீழ்க்கணுக்களில் உள்ள இலைகளைக் காம்பு நிற்கும்படி நறுக்கிவிட்டு, மேல் கணுவில் ஒரே ஒரு இலையை விடலாம். இலை பெரிதாக இருந்தால் அதையும் பாதியாகக் கத்தரிக்கவும். அடி எது, நுனி எது என்று குழப்பிக்கொள்ளாமல் நடுவது முக்கியம். தலைகீழாக நட்ட துண்டு தேறாது.

5. ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்தவும். பூவாளியில் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, அதிகத் தண்ணீர் வடிந்த பிறகு கிரேட்டுக்குள் நெருக்கமாக அடுக்கவும். கிரேட்டுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் தேங்காது.

6. மூங்கில் பிளாச்சுகளை வளைத்து கிரேட்டின் இரண்டு பக்கத் துளைகளிலும் செருகிக் கட்டவும். வளைவுகள் அரை மீட்டர் உயரம் இருந்தால் தாள் இலையில் ஒட்டாது. இலையில் தாள் ஒட்டிய இடம் அழுகும். மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, கிரேட்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டவும்.

7. நேர் வெயில் படாத இடத்தில் வைக்கவும். வீட்டின் வடக்குத் தாழ்வாரமோ, பலாமர நிழலோ ஏற்றது. வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது.

ஐந்தாறு கன்றுகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு அடி வெட்டிய 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். கவிழ்த்து வைத்தால் அதுவே குடில். மேலே உள்ள வாய்தான் ஜன்னல். மூன்று வாரம் மூடி வைத்து, பிறகு திறந்துவிடலாம். ஒரே ஒரு கன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்க்கலாம். தெர்மாகோல் பெட்டி இரவுக் குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் வழியாக வெளிச்சம் போகாது. மேலே கண்ணாடியோ பாலித்தீனோதான் போட வேண்டும். அடியில் துளையிடவும் மறக்கக் கூடாது. கோழி வளர்க்கும் வீட்டில் இந்த மூடிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புது மண்ணைக் கண்டால் கிளறாத கோழி ஏது?

மூடியைப் பார்த்தே தண்ணீர்

மூடி போட்ட பிறகு தினமும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். காலையில் தாளின் உள்பக்கத்தைப் பார்த்தால் போதும். மெல்லிய பனி படர்ந்து சிறு முத்துகளாக நின்றால் ஈரம் சரி. தாள் தெளிவாக, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக ஓடிக்கொண்டே இருந்து மண்ணும் சொதசொதவென்று இருந்தால், ஒரு மணி நேரம் திறந்து வைத்து ஈரத்தைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தெளித்தால் போதும்.

கன்றுக்கு நல்லதான ஈரம் பூஞ்சணத்துக்கும் நல்லதுதான். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளைத் தூக்கிப் பத்து நிமிடம் காற்று விட வேண்டும். கறுத்த துண்டு, உதிர்ந்த இலை எதையும் உள்ளே விட்டு வைக்கக் கூடாது. பாக்கெட்டோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே புதைத்துவிட்டு, கையைக் கழுவிய பிறகே மற்ற கன்றுகளைத் தொட வேண்டும். ஒரு துண்டு அழுகினால் மூடிய பெட்டிக்குள் அது பக்கத்துத் துண்டுக்குப் போக நாள் ஆகாது. இதனால்தான் நாற்பது கன்றையும் ஒரே பெரிய தாளுக்குள் வைப்பதைவிட இரண்டு கிரேட்டாகப் பிரித்து வைப்பது பாதுகாப்பு. வெவ்வேறு தாய்க்கொடிகளின் துண்டுகளை வெவ்வேறு கிரேட்டில் வைத்து, எது எந்த மரத்துக் கொடி என்று எழுதி வைத்தால் பிற்காலத்தில் உதவும்.

அழுகல் தெரிந்தால் ஒரு சத போர்டோ கலவை தெளிக்கலாம். வீட்டளவுக்கு 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு ஐந்து லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்து எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றே தெளித்து முடிக்க வேண்டும். டிரைக்கோடெர்மா கலந்த மண்ணில் இதை ஊற்றினால் அந்த நன்மை செய்யும் பூஞ்சணமும் செத்துவிடும். இலையில் மட்டும் மெல்லத் தெளிப்பது நல்லது.

திறப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்

மூன்று, நான்கு வாரத்தில் கணுவில் தளிர் எட்டிப் பார்க்கும். வேர் வந்துவிட்டதா என்று துண்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கக் கூடாது. பிஞ்சு வேர் அறுந்துவிடும். முதல் தளிர் விரிந்து, அடுத்த தளிரும் கிளம்பினால் வேர் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எல்லாத் துண்டும் வேர் பிடிக்காது. அதனால் தேவைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக நடுவது கணக்கு.

தளிரைப் பார்த்த சந்தோஷத்தில் தாளை ஒரே நாளில் எடுத்துவிட்டால், பிற்பகலுக்குள் எல்லாம் தொங்கிவிடும். ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலைக்கு வெளிக்காற்று புதிது. முதல் நான்கு நாள் ஒரு பக்கத்தை மட்டும் காலையில் ஒரு மணி நேரம் திறக்க வேண்டும். அடுத்த நான்கு நாள் மூன்று மணி நேரம். அதற்கடுத்து பகல் முழுக்கத் திறந்து இரவில் மட்டும் மூட வேண்டும். இப்படி இரண்டு வாரம் பழக்கிய பிறகு தாளை எடுத்துவிட்டு, மர நிழலிலேயே மழை வரும் வரை வைத்திருக்கலாம். சாணிப்பால் வடிகட்டியது, அல்லது நீர்த்த பஞ்சகவ்யா மாதம் இருமுறை போதும்.

ஆனியில் மழை இறங்கியதும் சில்வர் ஓக் மரத்துக்கு வடக்கு அல்லது வடகிழக்குப் பக்கத்தில், மரத்திலிருந்து ஓரடி தள்ளிக் குழி எடுத்து நட வேண்டும். தெற்கு, மேற்கு வெயில் இளங்கொடியைச் சுட்டுவிடும். பால் பாக்கெட்டைக் கிழித்து எடுத்துவிட்டு, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். கிழித்த பாக்கெட்டுகளைக் குழிக்குள்ளோ ஓடையிலோ விடாமல் ஒரு சாக்கில் சேர்த்து எடுத்து வருவது அவசியம். இந்த மலையில் இறங்கும் தண்ணீர் கீழே உள்ளவர்களுக்கும் குடிநீர். பாலித்தீன் தாளைக் கழுவி, நிழலில் உலர்த்தி மடித்து வைத்தால் அடுத்த மாசிக்கும் ஆகும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*குடிலை வெயிலில் வைத்தால் சீக்கிரம் வேர் வராதா?*

வராது. மூடிய தாளுக்குள் நேர் வெயில் பட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டே போகும். மண்ணைச் சுத்தம் செய்ய நாம் பயன்படுத்துவதும் அதே சூட்டைத்தான். கொடியும் அதில் வெந்துவிடும்.

*வேர் பிடிக்க வைக்கும் ஹார்மோன் கட்டாயம் வேண்டுமா?*

மிளகின் ஓடுகொடிக்குக் கட்டாயம் இல்லை. கணுக்களில் வேர் கிளம்பும் தன்மை இயல்பாகவே இருக்கிறது. ரோஜா போன்ற மரத்தன்மையுள்ள குச்சிகளுக்குக் கடையில் கிடைக்கும் வேர்த்தூள் உதவும். உறையில் போட்டுள்ள அளவைத் தாண்டக் கூடாது.

*காய்க்கும் பக்கக்கிளையை நட்டால் என்ன ஆகும்?*

அதுவும் வேர் பிடிக்கும். ஆனால் மரம் ஏறாது. குத்துச்செடியாகவே நின்று தொட்டியில் காய்க்கும். அதைத்தான் புதர் மிளகு என்கிறார்கள். இந்தக் கிளைகள் வேர் பிடிக்க ஓடுகொடியைவிடத் தாமதமாகும் என்பதால் மூடி கட்டாயம். ஈரமான தேங்காய் நார்க்கழிவு போட்ட பாலித்தீன் பைக்குள் நட்டு, பையின் வாயைக் கட்டி நிழலில் வைப்பது எளிய வழி. மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. தோப்பில் மரமேற்ற நினைப்பவர்கள் பக்கக்கிளையை எடுக்க வேண்டாம்.

*சமவெளியில் மிளகு இல்லை. மல்லிகை, முருங்கை, கற்றாழைக்கு இந்த மூடி உதவுமா?*

மல்லிகையின் இளம் நுனிக்குச்சிகளுக்கு நன்றாக உதவும். மல்லிகைக் கன்றுக்குப் பெயர் பெற்ற தங்கச்சிமடத்தைப் போல மணல் பாங்கான மண் இல்லாதவர்கள், கலவையில் மணலைப் பாதியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். செம்பருத்தி, நந்தியாவட்டைக்கும் சரி. முருங்கைப் போத்துக்கு மூடி தேவையில்லை; தடித்த போத்தில் போதிய ஈரமும் உணவும் இருக்கிறது. கற்றாழை, கள்ளி வகைகளை மூடினால் அழுகிவிடும்.

*துரித வாடல் வந்த தோட்டத்தில், நோய் இல்லாத கொடியாகப் பார்த்து வெட்டலாமா?*

வேண்டாம். கண்ணுக்கு நோய் தெரியாத கொடியின் கணுவில் மண்ணோடு கிருமி ஒட்டியிருக்கலாம். ஈரமான மூடிக்குள் அது தழைத்துவிடும். அந்த வருடம் மட்டும், சொந்தக்காரர்கள் அல்லது நம்பிக்கையான அக்கம் பக்கத்தார் தோட்டத்தில் தாய்க்கொடியை நேரில் பார்த்து வெட்டி வருவதே நல்லது. அறுவடை நேரத்திலேயே போய்ப் பார்த்துத் துணி கட்டிவிட்டு வந்தால், மாசியில் கத்தியோடு போகும்போது எந்தக் கொடி என்று யோசிக்க வேண்டியிருக்காது.